ஆறு டிகிரி உள்பக்கம்

அத்தியாயம் 9

அப்பா ஷூவைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜை மேலேயே வைத்து, "இனிமே இதை மாட்டச் சொன்னா வெறுங்காலோடதான் நடப்பேன்" என்று சொன்ன இடத்தில் போன வாரம் விட்டோம். சாப்பிடுகிற மேஜையில் ஷூ வைத்ததற்கு அம்மா போட்ட சத்தத்தில் அவர் சொன்னது யார் காதிலும் சரியாக ஏறவில்லை. மறுநாள் காலையில் ஷூ துடைத்து வாசல் ஓரம் வைக்கப்பட்டிருந்தது. அப்பாவும் ஒன்றும் நடக்காதவர் போல அதை மாட்டிக்கொண்டு நடக்கப் போனார். அந்த வீட்டில் கோபத்துக்கு ஆயுள் அவ்வளவுதான்.

அது திங்கட்கிழமை. இன்று வெள்ளி. பதினொரு மணிக்கு டாக்டர் முடிவு சொல்லப் போகிறார்.

முன்கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அப்பாவுக்கு ரயில் பாதையில் வேலை. தினமும் தண்டவாளத்தோடு ஆறு கிலோமீட்டர் நடந்து, போல்ட் கழன்றிருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். பார்த்ததை அன்றைக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். முப்பத்தொரு வருடம் ஜல்லிக்கல் மேல் நடந்ததில் இடது முழங்காலின் உள்பக்கம் தேய்ந்துவிட்டது. இரண்டு மாதமாக அவரை ஸ்டோரில் உட்காரவைத்து போல்ட் எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் பத்தொன்பது நாளில் ரயில்வே மருத்துவக் குழு அவரை நடக்கவிட்டுப் பார்க்கும். தேறினால் மறுபடியும் பாதை. தேறாவிட்டால், ஓய்வு பெறுகிற வரை பாக்கியுள்ள நாலு வருடமும் போல்ட்தான். இரண்டு வரி என்று ஆரம்பித்தது இவ்வளவு ஆகிவிட்டது. அப்பா கதை எப்போதும் அப்படித்தான்.

பாப்பா அவருடைய ஒரே மகள். வயது முப்பத்து நாலு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நடை அளக்கும் பிரிவில் டெக்னீஷியன். அப்பாவின் முழங்காலுக்கும் அங்கேதான் சிகிச்சை, அவள் பொறுப்பில். அவளுக்குக் கீழே இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். ஊரின் இன்னொரு கோடியில் தனி வீட்டில் இருக்கிறாள். ஆனாலும் அப்பா அம்மாவுக்கு இன்னும் பாப்பாதான்.

நாம் எல்லோருமே பாதத்தை லேசாக வெளிப்பக்கம் திருப்பித்தான் நடக்கிறோம். அப்பா கொஞ்சம் தாராளம், எட்டு டிகிரி. முழங்காலின் உள்பக்கம் தேய்ந்தவர்களில் சிலருக்கு, பாதத்தை உள்பக்கமாகச் சற்றுத் திருப்பி நடந்தால் தேய்ந்த இடத்தில் விழுகிற பாரம் குறையும். சற்று என்றால் எவ்வளவு என்று நடக்கிறவருக்கே தெரியாது. அதற்குத்தான் கருவி. தீப்பெட்டியில் பாதி இருக்கும். ஷூவுக்கு ஒன்றாக லேஸ் மேல் மாட்டவேண்டும். ஆள் எந்தத் திசையில் போகிறார், பாதம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று அடிக்கு அடி கணக்குப் போட்டு, நடுவிலுள்ள கோணத்தைப் போனுக்கு அனுப்பிவிடும். பாதம் கேட்ட அளவுக்கு உள்ளே திரும்பாவிட்டால் பெட்டி அதிரும். அதிராமல் நடக்கப் பழகினால் உடம்பு அந்த நடையைப் பிடித்துக்கொள்ளும். ஆறு வாரம் கெடு.

முதல் மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பத்துக்கு ஆறு வலி என்றவர் நாலுக்கு இறங்கினார். அடுத்த மூன்று வாரத்தில் ஏழுக்கு ஏறிவிட்டார். வேடிக்கை என்னவென்றால் போனில் கோணம் பிரமாதமாக இருந்தது. டாக்டர் கேட்டது மூன்று டிகிரி உள்பக்கம். அப்பா கொடுத்தது ஆறு. அளவு இவ்வளவு நன்றாக இருக்கும்போது வலிக்கக் கூடாது என்று பாப்பா அவரிடமே சொல்லியிருக்கிறாள். ஸ்டோரில் சும்மா உட்கார்ந்தால் எல்லாமே வலிக்கும் என்பது அம்மாவின் கட்சி. கோணம் சரியாகியும் வலி கூடுகிறது என்றால் இந்த முழங்காலுக்கு இந்த வழி ஒத்துவரவில்லை, அறுவை சிகிச்சைதான் என்று டாக்டர் போன வாரமே கோடி காட்டிவிட்டார். அது முடிந்தால் ஜல்லி மேல் நடக்கிற பேச்சுக்கே இடமில்லை.

காலை ஏழரை மணி. இருவரையும் கையோடு அழைத்துப்போக பாப்பா சீக்கிரமே வந்திருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அப்பா குளித்துவிட்டு, தோளில் துண்டோடு கூடத்தைக் கடந்து அறைக்குள் போனார். சாம்பல் நிறத் தரையில் ஈரத் தடம் வரிசையாக விழுந்திருந்தது.

பாப்பா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் ரிப்போர்ட்டுக்குப் போனாள். இரண்டு வரி படித்துவிட்டுத் திரும்பத் தரையைப் பார்த்தாள். பத்து மணி பத்து நிமிஷத்துக்கு முள் நிற்கிற மாதிரி, இடது தடம் ஒரு சுவரையும் வலது தடம் எதிர்ச் சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தன.

ஷூ இல்லாததால் மறந்திருப்பார் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் மூன்று வாரம் ஆறு டிகிரி உள்ளே நடந்த கால், குளிக்கப் போன இடத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு வராது. அவள் தொழிலில் அவள் பார்த்தவரை அப்படி யாரும் வந்ததில்லை.

அப்பாவை ஷூ போடச் சொன்னாள். வாசல் கதவிலிருந்து சமையலறை வரை நடந்து திரும்பச் சொன்னாள். போனில் 6.4 உள்பக்கம் என்று பச்சை எழுத்தில் வந்தது. இன்னொரு தடவை நடக்கச் சொல்லி, இந்த முறை தரையோடு தரையாகக் குனிந்து, கன்னம் தரையில் படாத குறையாகப் பார்த்தாள். ஷூ இரண்டும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. தரையில் என்னத்தைத் தொலைத்தாய் என்று அம்மா சமையலறையிலிருந்து விசாரித்தாள்.

பாப்பா எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நில்லுங்க. வலது காலை மட்டும் மூணு தடவை தரையில தட்டுங்க."

அவர் தட்டினார். போனில் வலது காலுக்குச் சிவப்புக் கோடு, இடது காலுக்கு நீலக் கோடு. சிவப்புக் கோடு அசையாமல் படுத்திருந்தது. நீலம் மூன்று தடவை துள்ளியது.

பெட்டிகள் இடம் மாறியிருந்தன. வலது கால் வெளியே திரும்பினால் அது கடிகார முள் சுற்றும் பக்கம். இடது கால் வெளியே திரும்பினால் அதற்கு எதிர்ப்பக்கம். இடது பெட்டியை வலது ஷூவில் மாட்டினால் வெளியே போவது உள்ளே போவதாகப் பதிவாகும். உள்ளே திருப்பினால் பெட்டி அதிரும். வெளியே திருப்பினால் சமர்த்தாக இருக்கும். மூன்று வாரமாக அந்தப் பெட்டி அப்பாவை, எதை விடச் சொல்லி ஆரம்பித்தார்களோ அதே நடைக்குத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. அவரும் ஒரு நாள் தவறாமல் அது சொன்னபடி கேட்டிருக்கிறார்.

அம்மாவைக் கேட்டதும் விஷயம் வந்துவிட்டது. அம்மாவுக்கு அழுக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஷூவைக் கழுவிக் காயவைப்பாள். முதல் இரண்டு ஞாயிறும் பெட்டியைக் கழற்றி, அந்தந்த ஷூ இருந்த இடத்திலேயே வைத்து, திரும்ப மாட்டியிருக்கிறாள். மூன்றாம் ஞாயிறு மழை. இரண்டையும் நனையாமல் ஒரே டம்ளரில் போட்டு வைத்தாள். வலது பெட்டிக்கு அடையாளமாகப் பாப்பா சுற்றியிருந்த சிவப்பு டேப் என்ன ஆனது?

"ஓரமெல்லாம் கறுத்துப்போய் பிசுபிசுன்னு இருந்துச்சு. உரிச்சிட்டேன்."

சொல்லி முடித்ததும் அம்மாவுக்கே புரிந்துவிட்டது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

பாப்பாவால் அம்மாவைத் திட்ட முடியவில்லை. இப்படி யாராவது மாற்றி மாட்டுவார்கள் என்று தெரிந்துதான் அவள் பிரிவில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு திங்களும் டெக்னீஷியன் நேரில் போய், இப்போது அப்பாவைத் தட்டச் சொன்ன மாதிரியே தட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தாளில் டிக் போட வேண்டும். ஒரு நிமிஷ வேலை. அப்பாவின் தாளில் ஆறு டிக் இருந்தது. பாப்பா தட்டிப் பார்த்தது முதல் இரண்டு திங்கள் மட்டும்தான். அதற்கப்புறம், நம் வீடுதானே என்று ஆபீஸில் உட்கார்ந்தபடியே டிக் போட்டுவிட்டாள். போன திங்கள் அவள் இங்கே வந்திருந்தும், மேஜை மேல் ஷூ இருந்த களேபரத்தில் அது நினைவுக்கே வரவில்லை.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்தார்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் பண்ணேன்ல," என்றார்.

அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நாலாம் வாரம். வேறொரு நோயாளிக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டே போனைத் தோளில் இடுக்கிப் பேசினாள். பெட்டி இரண்டு நாளாக ஓயாமல் அதிருகிறது, காலை வெளியே திருப்பினால்தான் அடங்குகிறது, நீ சொன்னதற்கு இது நேர்மாறாக இருக்கிறதே என்று அப்பா கேட்டார். பாதத்துக்குப் பதில் முழங்காலைத் திருப்பிப் பார்த்துக் குழம்பியிருப்பார் என்று இவளாக நினைத்துக்கொண்டாள். அவரைப் போலப் பலர் குழம்பியிருக்கிறார்கள். நீங்களாக எதுவும் யோசிக்காதீர்கள், அதிர்ந்தால் திருப்புங்கள், அதிராவிட்டால் சரியாக நடக்கிறீர்கள் என்று அர்த்தம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சிக்னல் சிவப்பாக இருந்தால், ஏன் சிவப்பு என்று கேட்காமல் நின்று பழகிய மனுஷர் அவர். தப்பு என்று பட்டால் மேலே தெரிவிக்க வேண்டும், பதில் வருகிற வரை சொன்னபடி கேட்க வேண்டும். தெரிவித்தார். பதில் வந்தது. கேட்டார். பெட்டிகளைச் சரியான ஷூவுக்கு மாற்றிக்கொண்டே பாப்பா இதையெல்லாம் நினைத்தாள். கொக்கி இரண்டு தடவை நழுவியது.

பஸ்ஸில் மூவருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. பார்க்காமல் டிக் போட்ட விஷயத்தையும் பாப்பா சொல்லிவிட்டாள். பாதி வழியில் அம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மாற்றி மாட்டியது நான்தான், அதைச் சொன்னால் போதும், டிக் பற்றி யார் கேட்கப் போகிறார்கள் என்றாள். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே அதுதான் சரி என்றார். அம்மா சொன்னதில் பொய் என்று ஒன்றும் இல்லை. உண்மையில் கொஞ்சம் குறைத்துச் சொல்வது, அவ்வளவுதான். அதைக் கேட்டதும் பாப்பாவுக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

டாக்டர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. பேச்சில் வளவளப்பு கிடையாது. அறுவை சிகிச்சைக்கான படிவத்தைப் பாதிக்கு மேல் நிரப்பி மேஜையில் வைத்திருந்தார். ஆறாவது வாரம் கேமரா அறையில் ஒருமுறை நடக்கவிட்டுப் பார்ப்பது வழக்கம். அங்கே பெயின்ட் வேலை நடப்பதால் பெட்டி அனுப்பிய கணக்கை வைத்தே முடிவெடுத்ததாகச் சொன்னார். எந்தத் தேதி வசதி என்று அவர் கேட்க வாயைத் திறந்தபோது, இந்தக் கணக்கு செல்லாது என்று பாப்பா குறுக்கே சொன்னாள். பெட்டிகள் மாறியதையும், காலையில் தட்டிப் பார்த்ததையும் வரிசையாகச் சொன்னாள். மாற்றி மாட்டியது நான்தான் என்று அம்மா அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

டாக்டர் பேனாவை மூடினார். வீட்டில் இருப்பவர்கள் மாற்றி மாட்டுவது எல்லா இடத்திலும் நடக்கிறதுதான் என்று அம்மாவிடம் தணிவாகவே சொன்னார். பிறகு கம்ப்யூட்டரில் திங்கட்கிழமைத் தாளைத் திறந்தார். ஆறு டிக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாப்பாவின் பக்கம் திரும்பாமல் அப்பாவிடம் கேட்டார்.

"உள்ள திருப்பச் சொல்லித்தான உங்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். பெட்டி மாத்திப் பேசுதுன்னு உங்களுக்குத் தெரியலையா? யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

முப்பத்தொரு வருடத்தில் ஒரு தளர்ந்த போல்ட்டைக்கூட எழுதிக் கொடுக்காமல் விட்டதில்லை என்று ரயில்வேயில் அப்பாவுக்குப் பெயர். பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவரிடம் இருப்பதே அது ஒன்றுதான்.

"தெரியல டாக்டர்," என்றார். "தெரியாததால யார்கிட்டயும் சொல்லல."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் அதைக் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தார். நோயாளிக்குத் தெரியவில்லை என்று தாளில் ஏறிவிட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும், பூசி மெழுக வேண்டிய அவசியம்கூட இருக்காது என்று பாப்பாவுக்குத் தெரியும்.

"சொன்னார் டாக்டர்," என்றாள். "என்கிட்டதான் சொன்னார். நீங்களா யோசிக்காதீங்க, பெட்டி சொல்றபடி செய்யுங்கன்னு நான்தான் சொன்னேன். அந்த ஆறு டிக்ல நாலு நான் பார்க்காமலே போட்டது."

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. படிவத்தை எடுத்து அலமாரியில் வைத்தார்; கிழிக்கவில்லை. திங்கள் முதல் பயிற்சி மறுபடி ஆரம்பம், ஆறு வாரம் முழுசாக, வேறு டெக்னீஷியனோடு என்றார். மருத்துவக் குழுவைத் தள்ளிவைக்கச் சொல்லி ரயில்வேக்குக் கடிதம் தருவதாகவும், அவர்கள் கேட்பார்கள் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். பாப்பா நடந்ததைத் தன் கையால் எழுதி இன்று மாலைக்குள் தர வேண்டும். புதன்கிழமை நிர்வாகம் அவளை விசாரிக்கும். அதுவரை அவள் எந்த நோயாளியையும் அளக்கக் கூடாது.

வெளியே அம்மா கடிதம் வாங்க வரிசையில் போய் நின்றாள். காரிடாரில் பாப்பாவும் அப்பாவும் மட்டும் இருந்தார்கள்.

"ஏன் சொன்னே?" என்று கேட்டார் அப்பா.

"நீங்க பொய் சொன்னீங்களேப்பா."

"மூணு வாரமா வலிக்குது வலிக்குதுன்னு உண்மையைச் சொன்னேன். அதை நீ நம்பல. இன்னைக்கு ஒரே ஒரு பொய் சொன்னேன். அதையும் இருக்க விடல."

குரல் உயரவில்லை. அதனால்தான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. தான் வேலை பார்க்கிற இடத்தில், தெரிந்தவர்கள் போகிற வருகிற வழியில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். அப்பா அவளைச் சமாதானப்படுத்தவில்லை, விட்டுப் போகவும் இல்லை. பக்கத்திலேயே நின்றார். நிற்கும்போதுகூட இடது காலில் பாரம் போடாமல் நின்றதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

அம்மா கடிதத்தோடு முன்னே போக, இருவரும் பின்னால் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தார்கள். பெட்டி இப்போது சரியான காலில் இருந்தது. மூன்று வாரப் பழக்கத்தில் பாதம் வெளியே போக, அது இரண்டு அடிக்கு ஒரு தடவை அதிர்ந்தது. அப்பா ஒவ்வொரு தடவையும் பாதத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். ரயில்வே தள்ளிவைக்க மாட்டேன் என்றுவிட்டால் பத்தொன்பது நாளில் முழங்கால் தேறுமா என்று அவளைக் கேட்டார்.

"தெரியலப்பா."

ஆறு வாரத்தில் அவள் அவரிடம் தெரியவில்லை என்று சொன்னது அது முதல் தடவை. அப்பா தலையாட்டிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபிறகு நின்றார்.

"வலிக்குதான்னு கேளு."

அவள் விழித்தாள்.

"கேளேன்."

"வலிக்குதாப்பா?"

"வலிக்குது. ஏழு. எழுதிக்க."

அளக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களே என்று அவள் சொல்ல நினைத்தாள். காலையில் வாங்கிய பஸ் டிக்கெட் கைப்பையில் இருந்தது. அதன் பின்பக்கம் ஏழு என்று எழுதித் தேதியும் போட்டாள். அப்பா அதை வாங்கிப் படித்துப் பார்த்து, நேரத்தையும் போடச் சொன்னார். போட்டாள். பஸ் வந்தது.

"நாளைக்கும் கேளு," என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா ஏறினார்.